கற்பனை நாடுகளும் ரொட்டி வண்டிகளும்: 18ஆம் நூற்றாண்டு வார்கேம் கேம்பெய்ன் நடத்துவது எப்படி

மேசையில் ஒரு போர் ஆடத் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. பொம்மை வீரர்களுக்குப் பெயிண்ட் அடிப்பது, டேப் வைத்து அளப்பது, டைஸ் உருட்டுவது பற்றியெல்லாம் இங்கே எதுவும் இருக்காது. தனித்தனியாக ஆடும் போர்களை ஒரே கதையாகக் கோத்து, போன போரில் இழந்த பட்டாலியன் அடுத்த போரிலும் இல்லாமல் போகிற மாதிரி ஆடுவதுதான் கேம்பெய்ன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் நான் பார்த்தவரை பெரும்பாலான கேம்பெய்ன்கள் இரண்டாவது போரைத் தாண்டுவதில்லை, அதற்குக் காரணம் ஆர்வக் குறைவு இல்லை, கணக்கு வேலை கழுத்தை நெரிப்பதுதான்.

கற்பனை நாடு எதற்கு, 1756 முதல் 1763 வரை பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய உண்மையான ஏழாண்டுப் போரையே ஆடலாமே என்று கேட்பீர்கள். ஆடலாம். ஆனால் 1757 டிசம்பர் 5இல் நடந்த லாய்தன் போரை மேசையில் விரித்தால், பிரஷ்ய மன்னன் பிரெடரிக் மேடுகளுக்குப் பின்னால் மறைந்து நகர்ந்து ஆஸ்திரியர்களின் இடது பக்கத்தின் மேல் பாய்ந்தான் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். முதல் நகர்த்தலிலேயே அவர் இடது பக்கத்தைப் பூட்டிவிடுவார், அத்தோடு ஆட்டம் செத்தது. கற்பனை நாட்டில் யாருக்கும் முடிவு தெரியாது. வீரனின் சீருடைக் கோட்டில் கைமடிப்பு என்ன நிறம் என்று சண்டை போடவும் ஆள் வரமாட்டார்கள்.

படி 1: இரண்டு நாடுகள், அதுவும் சின்ன நாடுகள்

ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை ஆறு நாடு, மூன்று பேரரசு, ஒரு கடற்படை. வேண்டாம். இரண்டு போதும். அன்றைய ஜெர்மானிய நிலப்பரப்பு முழுக்கக் குட்டிக் குட்டி ஆட்சிகள்தான்: கோமகன்கள், பிஷப்புகளே ஆளும் நாடுகள், தனி நகரங்கள். வரைபடத்தில் இன்னும் இரண்டு செருகினால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

எவ்வளவு சின்னதாகப் போகலாம் என்பதற்கு ஷாம்பர்க்-லிப்பே நல்ல உதாரணம். அதன் கோமான் வில்ஹெல்ம், ஸ்டைன்ஹூடர் ஏரியின் நடுவில் கல்லைக் கொட்டிச் செயற்கைத் தீவு ஒன்றை உண்டாக்கி, அதன்மேல் வில்ஹெல்ம்ஸ்டைன் என்று கோட்டையும் கட்டினான். 1787இல் ஹெஸ்ஸ-காஸல் படை வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டது, அந்தக் கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. யாராவது இதைக் கேம்பெய்னுக்காக இட்டுக்கட்டியிருந்தால் "ரொம்ப ஓவர்" என்று சொல்லியிருப்போம்.

இந்தப் பதிவுக்காக நம்முடைய இரண்டு நாடுகள்: ஒரு கோமகன் ஆளும் ஹோல்ட்ஸன்பர்க், ஒரு பிஷப் ஆளும் மயர்ஸ்டாட். போருக்கான காரணம் ஒரே வரியில் இருக்கட்டும். வாரிசு உரிமை எப்போதும் கைகொடுக்கும். 1740இல் ஆஸ்திரியாவில் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்ததும் ஐரோப்பாவே எட்டு வருஷம் அடித்துக்கொண்டது. நம் கதையில் ஆற்றுச் சுங்கம் யாருக்கு என்ற தகராறு என்று வைத்துக்கொள்வோம். வம்சாவளி, கொடி, மன்னரின் நாய் பெயர் எல்லாம் பிறகு தானாக வந்து சேரும். அதை முதலில் எழுத உட்கார்ந்தால் போரே நடக்காது.

படி 2: வரைபடம்

அறுகோணக் கட்டம் போட்ட வரைபடங்கள் எனக்குப் பிடிக்காது. பார்க்க அழகு, ஆனால் படை எந்தக் கட்டத்திலும் நிற்கலாம் என்று ஆகிவிட்டால் இரண்டு படைகளும் ஒன்றையொன்று பார்க்காமலே மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். புள்ளியும் கோடும் போதும். ஒரு ஏ3 தாளில் பன்னிரண்டு முதல் பதினைந்து ஊர்களைப் புள்ளியாக வைத்து, சாலைகளால் இணையுங்கள். ஒரு கோடு என்றால் ஒரு நாள் நடை. அன்றைய படை பீரங்கியையும் வண்டிகளையும் இழுத்துக்கொண்டு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் போனாலே நல்ல நடை, அதனால் நாடு முழுக்க ஒரு வார நடையில் அடங்கிவிடும். நடுவில் ஒரு ஆறு, அதற்கு மூன்றே பாலங்கள். இரண்டு மூன்று ஊர்களுக்குக் கோட்டை.

இதற்கு மென்பொருள் தேடி அலையாதீர்கள். பென்சிலும் அழிப்பானும் எடுத்து வரைந்து, போனில் படம் எடுத்து ஆட்டக்காரர்களுக்கு அனுப்பினால் முடிந்தது. கணக்குக்கு மட்டும் ஒரு கூகுள் ஷீட் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டாயம் இன்னொன்று செய்யுங்கள். ஒவ்வொரு ஊருக்கும் அதைச் சுற்றியுள்ள நிலத்தை அஞ்சலட்டை அளவில் இப்போதே வரைந்துவிடுங்கள்: மேடு எங்கே, காடு எங்கே, ஓடை எங்கே. இதைத் தள்ளிப்போட்டால், படைகள் சந்தித்த அன்று மேசை முன்னால் நின்றுகொண்டு "மேடு என் பக்கம்தான்" என்று இரண்டு பெரிய மனிதர்கள் வாதாடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 3: படை

ஒரு பக்கத்துக்கு எட்டு காலாட்படை பட்டாலியன், நான்கு குதிரைப்படைப் பிரிவு, இரண்டு பீரங்கி அணி. அவ்வளவுதான். 28 மிமீ உயரப் பொம்மைகள் அழகுதான், ஆனால் இந்த எண்ணிக்கைக்கு வாங்கினால் காசும் போகும், பெயிண்ட் அடித்தே வருஷமும் போகும். முதல் கேம்பெய்னுக்கு 6 மிமீ, அல்லது அட்டையில் அச்சடித்து வெட்டிய காகித வீரர்கள் என்பதே என் கட்சி. எந்த விதித் தொகுப்பில் ஆடினாலும், அதில் மன உறுதிச் சோதனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். படை கடைசி ஆள்வரை சாகிற விதிகளில் கேம்பெய்ன் ஆட முடியாது. பயந்து ஓடினால்தான் அடுத்த போருக்கு ஆள் மிஞ்சும்.

படி 4: ரொட்டி

என்னைக் கேட்டால் கேம்பெய்னின் உயிர் இதில்தான் இருக்கிறது. பிரஷ்யப் படையில் ஒரு வீரனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பவுண்டு ரொட்டி. மூன்று நாள் ரொட்டியை அவனே சுமப்பான், இன்னொரு ஆறு நாளுக்கானது வண்டியில் வரும். 20,000 பேர் கொண்ட படைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 18 டன் ரொட்டி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரைத் தீவனம் இதில் சேரவில்லை. அதனால்தான் படைகள் தானியக் கிடங்கையும் அடுப்புகளையும் விட்டு ரொம்ப தூரம் போக முடியாமல் தவித்தன.

விதியாக மாற்றும்போது கிலோ கணக்கெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்று கிடங்கு. கிடங்கிலிருந்து மூன்று புள்ளிகளுக்குள் இருக்கும் படைக்குச் சோறு உண்டு. அதைத் தாண்டினால் மூன்று நாள் சமாளிக்கலாம், நான்காம் நாளிலிருந்து தினமும் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் ஒரு டைஸ், 1 விழுந்தால் பத்தில் ஒரு பங்கு ஆட்கள் இரவோடு இரவாக ஓடிப்போய்விட்டார்கள். கிடங்கை முன்னால் நகர்த்த ஐந்து நாள் ஆகும், அந்த ஐந்து நாளும் வண்டி வரிசை சாலையில் ஒரு புள்ளியாக நிற்கும், எதிரி அதைத் தாக்கலாம்.

இந்த ஒரு விதி வந்ததும் ஆட்டம் மாறிவிடும். தலைநகரை நோக்கி நேராக ஓடுகிறவர் பட்டினி கிடப்பார். போர் எங்கே நடக்கும் என்பதைப் பாலங்களும் கிடங்குகளும் முடிவு செய்யும். 1758இல் பிரெடரிக் ஓல்முட்ஸ் கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, அவனுக்கு வந்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கான வண்டிகளை ஜூன் 30 அன்று டோம்ஸ்டாட்ல் என்ற இடத்தில் ஆஸ்திரியர்கள் மடக்கி அழித்தார்கள். பெரும் போர் எதுவும் இல்லாமலே முற்றுகையைக் கைவிட்டுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. வண்டி வரிசைத் தாக்குதலை மேசையில் ஆடிப் பாருங்கள், நேர்க்கு நேர் போரைவிட இரண்டு மடங்கு விறுவிறுப்பு.

படி 5: நகர்த்தல்

ஒரு நடுவர் இருந்தால் நல்லது. இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கான கட்டளையை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவார்கள், அவர் தன் வரைபடத்தில் நாள் நாளாக நகர்த்தி, யாருக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் சொல்வார். குதிரைப்படை ஒரு புள்ளி தூரம் பார்க்கும். ஒற்றன் செய்தியில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் உரிமை நடுவருக்கு உண்டு, அதை அவர் தாராளமாகப் பயன்படுத்தட்டும்.

நடுவர் கிடைக்கவில்லையா, பழைய தீப்பெட்டி முறை இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது: ஊருக்கு ஒன்றாகத் தீப்பெட்டிகளை ஒட்டி, படைச் சீட்டை உள்ளே போட்டு நகர்த்துவது. எதிரி சீட்டு இருக்கும் பெட்டியைத் திறந்தால் சந்திப்பு.

படி 6: வரைபடத்திலிருந்து மேசைக்கு

கணக்கு வேலையைத் தாண்டிய கேம்பெய்ன்களிலும் பாதி இங்கேதான் படுத்துவிடுகின்றன. ஏன் என்றால், கெட்டிக்காரத் தளபதி வரைபடத்தில் செய்யும் முதல் வேலை, எதிரியைவிட மூன்று மடங்கு படையோடு போய் நிற்பதுதான். அது சரியான போர்த்தந்திரம், ஆனால் ஆடுவதற்குப் படுமோசமான போர். ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கி வந்து, மேசையில் பிரியாணி அண்டா மேல் ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு பட்டாலியனை வைத்துக்கொண்டு நிற்க யாருக்கு மனம் வரும்? இரண்டு தடவை இப்படி ஆனால் அவர் வரமாட்டார்.

ஆகவே படைகள் ஒரே புள்ளியில் சந்தித்தால் உடனே மேசைக்குப் போகாதீர்கள். இரண்டு பேரும் ஒரு துண்டுச் சீட்டில் "போர்" அல்லது "விலகல்" என்று ரகசியமாக எழுதட்டும். இரண்டும் போர் என்றால் மேசை. இரண்டும் விலகல் என்றால் ஆளுக்கு ஒரு புள்ளி பின்னால் போய்விட்டு, அரண்மனைக்கு வெற்றிச் செய்தி அனுப்பிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் விலகினால் டைஸ்: 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் தப்பித்தார், குதிரைப்படை அதிகம் வைத்திருந்தால் விழுந்ததோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். தப்பவில்லை என்றால் பின்காவல் போர். விலகுகிறவர் தன் படையில் மூன்றில் ஒரு பங்கை மேசையில் வைத்து, ஆறு சுற்று தாக்குப்பிடிக்க வேண்டும். தாக்குப்பிடித்தால் மீதிப் படை முழுதாகத் தப்பும், அவருக்கு அது வெற்றி.

கவனியுங்கள், இப்போது மூன்று மடங்கு படை வைத்திருப்பவருக்கும் கடிகாரம் ஓடுகிறது, சிறிய படைக்காரருக்கும் ஜெயிக்க வழி இருக்கிறது. இது நம்முடைய வசதிக்காகக் காலத்தை வளைப்பதும் இல்லை. அன்றைக்குப் படையை வரிசைப்படுத்தி நிறுத்தவே மணிக்கணக்கில் ஆகும், சண்டை வேண்டாம் என்று நினைக்கிற தளபதி பெரும்பாலும் நழுவிவிடலாம். ஆஸ்திரியத் தளபதி டவுன் (Daun) அசைக்க முடியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டே பிரெடரிக்கைப் பல வருஷம் படுத்தியெடுத்தார்.

அப்புறம் இரண்டு சில்லறை விதிகள். முதலில் வந்து சேர்ந்தவர் எந்தப் பக்கம் நிற்பது என்று தேர்ந்தெடுப்பார். ஒரு புள்ளி தள்ளி நிற்கும் நட்புப் படை நான்காம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றும் டைஸ் போட்டு, 5 அல்லது 6 விழும்போது சாலை வழியாக மேசைக்குள் வரலாம்.

போர் முடிந்ததும் மேசையிலிருந்து எடுத்த ஆட்கள் எல்லோரும் செத்துவிடவில்லை. களத்தைத் தக்கவைத்தவருக்கு மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வரும், தோற்றவருக்குப் பாதி. அவர்கள் கிடங்கு ஊருக்குப் போனால்தான் மறுபடி சேர்வார்கள். விட்டுவிட்டு ஓடிய பீரங்கி பிடித்தவருக்கே சொந்தம். பிடிபட்ட வீரர்களை உங்கள் படையில் சேர்த்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக, ஆனால் மாதம் ஒரு டைஸ், 1 அல்லது 2 விழுந்தால் மொத்தமாக ஓட்டம். 1756இல் பிர்னாவில் சரணடைந்த சாக்சனி படையைப் பிரெடரிக் அப்படியே தன் படையில் திணித்தான், அதில் முழுப் பிரிவுகளே கழன்றுகொண்டன.

படி 7: எப்போது நிறுத்துவது

நவம்பர் வந்தால் படைகள் குளிர்காலக் கூடாரத்துக்கு, இல்லை, ஊர் வீடுகளுக்குள் போய் முடங்கிவிடும். புல் முளைத்துத் தீவனம் கிடைக்கும் மே மாதம்வரை நகர்வு இல்லை. ஆகவே மே முதல் அக்டோபர் வரை ஒரு சீசன், மூன்று அல்லது நான்கு மேசைப் போர். அதோடு நிறுத்தி, யார் கையில் எந்த ஊர் என்று பார்த்து ஒரு அமைதி ஒப்பந்தம் எழுதுங்கள். தெளிவான வெற்றி கிடைக்கவில்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம். 1763 பிப்ரவரி 15இல் ஹூபர்டஸ்பர்க் ஒப்பந்தம் கையெழுத்தானபோது பிரஷ்யா, ஆஸ்திரியா, சாக்சனி எல்லைகள் போர் தொடங்கியபோது இருந்த இடத்துக்கே திரும்பின.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஆட ஆரம்பித்தவர்கள் அதிகம் கேட்டவை.

முற்றுகை எப்படி? மேசையில் ஆடாதீர்கள், தூக்கம் வரும். பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் ஒரு கோட்டையைப் பிடிக்க 48 நாள் என்று அட்டவணையே போட்டு வைத்திருந்தார். நம் குட்டிக் கோட்டைக்கு அதில் பாதி போதும். 24 நாள் முற்றுகை தொடர்ந்தால் கோட்டை விழும், இடையில் முற்றுகையிடுபவரின் வண்டி வரிசை அறுந்தால் எண்ணிக்கை அப்படியே நிற்கும். எட்டாம் நாளுக்குப் பிறகு கோட்டைக்காரர் ஒரே ஒரு முறை வெளியே பாய்ந்து தாக்கலாம், அதை மட்டும் மேசையில் ஆடுங்கள்.

ஒருவர் கட்டளையே அனுப்புவதில்லை, என்ன செய்வது? ஞாயிறு இரவுக்குள் வரவில்லை என்றால் படை நின்ற இடத்தில் நிற்கும். ரொட்டி மட்டும் தீர்ந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வாரத்தில் கட்டளை தானாக வரும், கவலைப்படாதீர்கள்.

தனியாக ஆடலாமா? ஆடலாம். உங்கள் பக்கத்தை நீங்கள் ஆடுங்கள், பிஷப்பின் படைக்கு ஒவ்வொரு வாரமும் மூன்று நியாயமான திட்டங்களை எழுதி டைஸ் போடுங்கள்: 1 முதல் 3 வரை விழுந்தால் முதல் திட்டம், 4 அல்லது 5 என்றால் இரண்டாவது, 6 என்றால் மூன்றாவது. மூன்றாவது திட்டம் கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கட்டும்.