கேமில் மாட்டிக்கொண்டால் உடனே விடையைத் தேடாதீர்கள்

போன மாதம் குரோம்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் டேப்லெட்டில் ‘தி ரூம்’ ஆடிக்கொண்டிருந்தான். ஃபயர்புரூஃப் கேம்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட கேம் அது. மேசைமேல் ஒரு விசித்திரப் பெட்டி, பூட்டுக்குள் பூட்டாகத் திறந்துகொண்டே போகும். அவன் பத்து நிமிடமாக ஒரு பக்கத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு விடை தெரியும். பொறுக்க முடியாமல், “அந்தக் கண்ணாடியைப் போட்டுப் பாருடா” என்று விரலை நீட்டிவிட்டேன். பெட்டி திறந்தது. அவன் டேப்லெட்டை என் மடியில் வைத்துவிட்டு, “போ மாமா, இனிமே நீயே ஆடு” என்று எழுந்து போய்விட்டான்.

அவன் கோபம் நியாயமானது. தானே திறக்க வேண்டும் என்றுதான் அவன் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்.

கதைக்குள் சுற்றித் தேடி முன்னேறும் அட்வென்ச்சர், புதிரை அவிழ்க்கும் பஸில் ஆகிய வகை கேம்களை வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆடுகிறேன். பாதி மின்சார ரயிலில், மீதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. போட்டிகளுக்குப் போகிற அளவு ஆட்டக்காரன் இல்லை என்றாலும் இந்த வகையின் மேல் எனக்குப் பெரிய பிரியம். நண்பர்கள் பலர் இரண்டு கேமை இறக்கிப் பார்த்துவிட்டு, “நமக்கு இது சரிப்படாது” என்று விட்டுவிடுகிறார்கள். அவர்கள் ஆடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால், பெரும்பாலும் சில தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன.

பெரிய தவறு, மாட்டிக்கொண்ட ஐந்தாவது நிமிடத்தில் யூடியூபைத் திறப்பது. சின்ன வயதில் பாட்டி விடுகதை போடுவாள்: “ஆயிரம் தச்சர் கூடி அழகான மண்டபம் கட்டி, ஒருவன் கண்பட்டு உடைந்ததாம் மண்டபம்.” தேன்கூடு என்று தெரிந்துவிட்டால் அப்புறம் அது விடுகதையே இல்லை. அதனால் பாட்டி லேசில் விடையைச் சொல்லமாட்டாள். “தோத்துட்டேன்னு சொல்லு, சொல்றேன்” என்பாள். நாங்கள் சொல்லமாட்டோம். படுத்த பிறகும் யோசித்துக்கொண்டே கிடப்போம்.

“இந்த ஒரு லெவலுக்கு மட்டும் பார்த்துக்கறேன்” என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். நல்ல பஸில் கேமில் அப்படி ஒன்றை மட்டும் தனியாகத் தாண்ட முடியாது. 2007இல் வந்த ‘போர்ட்டல்’ இதற்கு நல்ல உதாரணம். சுவரில் இரண்டு வாசல்களை உருவாக்கலாம்; ஒன்றில் நுழைந்தால் மற்றொன்றில் வெளியே வரலாம். உயரத்திலிருந்து ஒரு வாசலுக்குள் விழுந்தால், விழுந்த வேகம் குறையாமல் மறு வாசலிலிருந்து பாய்ந்து வெளியேறலாம். இதை ஒரு அறையில் நீங்களே கண்டுபிடிக்க வைத்துவிட்டு, அடுத்தடுத்த அறைகளில் அதை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். முதல் அறையை வீடியோ பார்த்துத் தாண்டியவருக்கு எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று தெரியும், வேகம் எப்படி மறு வாசலுக்குக் கடக்கிறது என்று தெரியாது. அதனால் அடுத்த அறைக்கும் வீடியோ வேண்டியிருக்கும்.

உதவியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. உதவியை எப்படிக் கொடுப்பது என்று இந்தத் துறையில் ஆரம்ப நாளிலிருந்தே யோசித்திருக்கிறார்கள். 1980களில் எழுத்தை மட்டுமே வைத்து அட்வென்ச்சர் கேம் செய்த இன்ஃபோகாம் நிறுவனம், குறிப்புகளைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சடித்துப் புத்தகமாக விற்றது. கூட வரும் பேனாவால் தேய்த்தால்தான் எழுத்து தெரியும். முதல் வரி லேசான ஜாடை, அடுத்தது கொஞ்சம் தெளிவாக, கடைசி வரியில்தான் முழு விடை. 2009இல் செக் நாட்டு அமானிட்டா டிசைன் வெளியிட்ட ‘மெஷினேரியம்’ கேமில் விடைப் புத்தகம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது பூட்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன விளையாட்டை ஆடி முடித்தால்தான் திறக்கும். இரண்டுமே பாட்டி கேட்ட “தோத்துட்டேன்” மாதிரிதான்.

நான் கடைப்பிடிக்கும் முறை எளிது. அரை மணி நேரம் நகராமல் நின்றால் மூடிவிடுவேன். அடுத்த நாள் ஒருமுறை முயல்வேன். அதற்கும் மசியாவிட்டால்தான் குறிப்பு, அதுவும் ஒரே ஒரு வரி. ‘பாபா இஸ் யூ’ என்ற 2019ஆம் ஆண்டு கேமில் விதிகளே திரையில் சொற்களாகக் கிடக்கும். சொற்களைத் தள்ளி விதியை மாற்றலாம். அதில் ஒரு லெவல் என்னை மூன்று நாள் நிறுத்தி வைத்தது. நாலாம் நாள் காலை, கிண்டி தாண்டி ரயில் அடையாற்றுப் பாலத்தில் ஏறியபோது, போன் பையில் இருந்த நிலையில், விடை தானாக வந்தது. போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வழியையே தேடிக்கொண்டிருந்தேன். அந்த இடமாகவே நான் மாறிவிடலாம் என்று தோன்றவில்லை. சைதாப்பேட்டையில் போனை எடுத்து முடித்தேன். அந்தக் காலை முழுக்க மனசு லேசாக இருந்தது. எந்த லெவல் என்று இங்கே எழுதமாட்டேன்.

விடை பார்க்காதவர்களும் செய்யும் ஒரு தவறு, கேமுக்குள் சேர்த்துக் கையில் வைத்திருக்கும் எல்லாப் பொருளையும் கண்ணில் படும் எல்லாவற்றின் மேலும் தேய்த்துப் பார்ப்பது. கயிறைக் கதவில், கயிறை ஜன்னலில், கயிறை நாயின் மேல். ஏதாவது ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஏன் ஒட்டியது என்று தெரியாது. லூகஸ் போப் 2018இல் வெளியிட்ட ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ இந்தக் குத்துமதிப்புக்கு நல்ல தடை போட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று ஆளில்லாமல் 1807இல் கரைக்கு வருகிறது. அதில் போன 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று நீங்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். மூன்று பேர் விவரம் முழுதும் சரியாக இருந்தால்தான் கேம் அதை உறுதிசெய்யும். உடை, பேச்சு வழக்கு, யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் பார்க்காமல் ஓட்டவே முடியாது. அதே கம்பெனி கட்டிய கோட்டையின் பெயரில் இருக்கும் ஸ்டேஷனைத் தினமும் கடக்கிறவனுக்கு அந்தப் பதிவேடு கூடுதலாகவே மனசில் தைத்தது.

அடுத்த தவறு, நம்மைப் போன்றவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டியது: விடை வராவிட்டால் தன் அறிவையே சந்தேகப்படுவது. 1991இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ புகழ்பெற்ற கேம். அதில் ஒரு நீர்வீழ்ச்சியை நிறுத்த, மயக்கத்தில் விறைத்துக் கிடக்கும் குரங்கை எடுத்து, ஸ்பேனர் போலப் பிடித்து ஒரு பம்பைத் திருக வேண்டும். ஏன் குரங்கு? அமெரிக்காவில் ஒருவகை ஸ்பேனருக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். அந்தச் சிலேடை தெரியாதவர் எத்தனை நாள் யோசித்தாலும் வராது. பிரிட்டனிலேயே பலர் அதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. புதுப்பேட்டை மெக்கானிக் எப்படிச் சொல்வார்? அந்த இடத்தில் குறிப்பைப் பார்ப்பதில் எந்த வெட்கமும் வேண்டாம். புதிர் நியாயமாக இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் நமக்கு உண்டு. டொரன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, கறை படிந்து கிடக்கிறது. விடுபட்ட படிகளை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். முதலில் வருவது இட்லி. ஆவி எல்லாத் தட்டுக்கும் ஏறும்படி தட்டுகளை எப்படி அடுக்குவது என்று வெளிநாட்டுக்காரர் யோசிக்கும் இடத்தை, வீட்டில் ஒருமுறையாவது இட்லிப் பானையை எட்டிப் பார்த்தவர் நொடியில் கடந்துவிடுவார். அந்த கேம் 2024இல் சிறந்த அறிமுக கேமுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியபோது நான் அடைந்த சந்தோஷத்தை அளவிட முடியாது.

‘வெண்பா’வை ஓரிரு மாலையில் முடித்துவிடலாம். “இவ்வளவு காசுக்கு இவ்வளவு நேரம்தானா” என்று கேட்பதும் தவறான கணக்கு. 2014இல் வந்த ‘மான்யுமென்ட் வேலி’க்குப் பத்தே அத்தியாயம். அதே ஆண்டு புதிய அத்தியாயங்களைத் தனிக் காசுக்குக் கொடுத்தபோது பலர் கோபத்தில் ஒரே ஒரு ஸ்டார் போட்டார்கள். சிறுகதையைப் பக்கம் எண்ணி வாங்குகிறோமா?

சின்ன விஷயங்கள் இரண்டு. ரயிலில் சத்தத்தை அடைத்துவிட்டு ஆடாதீர்கள். 1993இல் வந்த ‘மிஸ்ட்’, 2016இல் வந்த ‘தி விட்னஸ்’ போன்றவற்றில் காதால் மட்டுமே பிடிக்கக்கூடிய புதிர்கள் உண்டு. இயர்போன் இல்லையென்றால் அன்றைக்கு வேறு கேம். இன்னொன்று, ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். ‘மிஸ்ட்’ பெட்டிக்குள் எழுதிவைக்க ஒரு வெற்று நோட்டே வைத்துக் கொடுத்தார்கள். கையால் வரையும்போதுதான் ஒரு குறியில் ஏழு கோடு இருப்பதே கண்ணில் படும்.

கடைசியாக ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. 2019இல் வந்தது. சின்ன விண்கப்பலில் ஒரு சூரியக் குடும்பத்தைச் சுற்றுகிறீர்கள். ஆயுதம் கிடைக்காது, சக்தி கூடாது. முதல் நாள் இருந்த அதே கப்பல்தான் கடைசி வரைக்கும். முன்னேறுவது உங்களுக்குத் தெரிந்த விஷயம் மட்டும்தான். முடிவைப் படித்துவிட்டவருக்கு அதில் ஆடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தெரியாதவருக்குப் பல வாரத்துக்கு இருக்கிறது. அக்கா பையனுக்கு அதைத்தான் அடுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவன் ஆடும்போது நான் பக்கத்து அறையில் இருப்பேன்.