சிட்னியின் புதிய புறநகர்களில் மனை வாங்குவோர் அறிய வேண்டிய திட்ட ஒப்புதல்கள்

சிட்னிக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பல, முதலில் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வாடகைக்குக் குடியேறுகின்றன. சொந்த வீடு என்ற பேச்சு வரும்போது மார்ஸ்டன் பார்க், ஸ்கோஃபீல்ட்ஸ், பாக்ஸ் ஹில், ஆஸ்ட்ரல், லெப்பிங்டன் என்று நகரின் விளிம்பைப் பார்க்கத் தொடங்குகின்றன. நியூ சவுத் வேல்ஸ் அரசு 2006-இல் வடமேற்கு, தென்மேற்கு வளர்ச்சிப் பகுதிகளுக்கென்று தனித் திட்ட விதிகளைக் கொண்டுவந்து, அங்கிருந்த பண்ணை நிலங்களைக் கட்டம் கட்டமாகக் குடியிருப்புக்குத் திறந்துவிட்டு வருகிறது. விற்பனை அலுவலகச் சுவரில் தொங்கும் வண்ண வரைபடத்தில் பள்ளியும் பூங்காவும் கடைத்தெருவும் கட்டி முடித்தவை போலவே தெரியும். அந்த வரைபடத்தை நம்பிக் கையெழுத்திடக் கூடாது என்பதே இந்த வழிகாட்டி சொல்ல வருவது.

முதலில் மாநில அரசு ஒரு பகுதியின் நிலப் பயன்பாட்டை மாற்றி அறிவிக்கிறது. அதைக் காட்டும் குறியீடுகளில் ஆர்2 என்றால் அடர்த்தி குறைந்த குடியிருப்பு, ஆர்3 என்றால் நடுத்தர அடர்த்தி, ஆர்இ1 என்றால் பொதுப் பூங்கா, எஸ்பி2 என்றால் பள்ளி, சாலை, வடிகால் போன்ற கட்டமைப்பு. எஸ்பி2 என்ற குறியீடு நிலம் ஒதுக்கப்பட்டிருப்பதை மட்டுமே காட்டும். பள்ளி எப்போது கட்டப்படும் என்பது கல்வித் துறையின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது. வளர்ச்சிப் பகுதிக்குள் இருப்பதாலேயே ஒரு நிலம் குடியிருப்பு நிலமாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஹாக்ஸ்பெரி நெப்பியன் ஆற்றின் வெள்ள அபாயத்தையும், வெள்ளக் காலத்தில் மக்களை வெளியேற்றும் சிக்கலையும் கருதி, மார்ஸ்டன் பார்க் நார்த் பகுதியின் பயன்பாட்டு மாற்றத்தை அரசு 2023-இல் கைவிட்டது. "சீக்கிரம் மாறிவிடும்" என்று சொல்லி மலிவாக விற்கப்படும் பண்ணை நிலத்தின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

பயன்பாடு மாறிய பிறகு, நிலத்தை மனைகளாகப் பிரிக்க டெவலப்பர் உள்ளூராட்சி அமைப்பான கவுன்சிலிடம் விண்ணப்பிக்கிறார். ஒப்புதல் கிடைத்ததும் சாலையும் வடிகாலும் போடப்படுகின்றன. குடிநீர், கழிவுநீர் இணைப்புகளுக்கு சிட்னி வாட்டர் தரும் பிரிவு 73 சான்றிதழும், பிறகு மனைப்பிரிவுச் சான்றிதழும் பெற வேண்டும். கடைசியில் நிலப் பதிவகத்தில் மனைப்பிரிவு வரைபடம் பதிவாகிறது. பெரும்பாலான மனைகள் இந்தப் பதிவுக்கு முன்பே விற்கப்பட்டுவிடுவதால், காத்திருப்பு முழுவதும் வாங்குபவர் தலையில்தான் விழுகிறது. மழை, சாலைப்பணித் தாமதம், ஏதாவது ஒரு சான்றிதழ் வராமை என்று காரணம் எதுவானாலும், பதிவு தள்ளிப்போகத் தள்ளிப்போக வங்கியின் கடன் ஒப்புதல் காலாவதியாகலாம், வீடு கட்டுபவரின் விலையும் ஏறலாம். பதிவாகாத மனைக்கான ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள பொதுவாக 10 வேலை நாள் அவகாசம் உண்டு; 66டபிள்யூ சான்றிதழில் உங்கள் வழக்கறிஞர் கையொப்பமிட்டால் அந்த அவகாசம் போய்விடும். பதிவு முடிய வேண்டும் என்று ஒப்பந்தம் குறிக்கும் கடைசித் தேதி கடந்துவிட்டதைக் காட்டி, உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதமோ நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோ இல்லாமல் விற்பவர் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் வெளிநாட்டு முதலீட்டு அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். காலி மனையில் நான்கு ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அவர்களுக்கு உண்டு.

ஒப்பந்தத்தோடு வரும் ஆவணங்களில் இரண்டை வரி விடாமல் வாசியுங்கள். ஒன்று, கவுன்சில் தரும் பிரிவு 10.7 சான்றிதழ், வெள்ளம், காட்டுத்தீ, சாலை விரிவாக்கத்துக்கான நில எடுப்பு ஆகியவை மனைக்குப் பொருந்துமா என்பதை அதில் பார்க்கலாம். மற்றது, மனையின் மீது பிறருக்குள்ள உரிமைகளையும் கட்டுப்பாடுகளையும் பட்டியலிடும் 88பி ஆவணம். மனையின் வில்லங்கமெல்லாம் இதில்தான் ஒளிந்திருக்கும். சிறிய மனைகளில் ஒரு பக்கச் சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே எழும்புவது வழக்கம். பக்கத்து வீட்டுச் சுவர் அப்படி அமைந்தால், அதைப் பராமரிக்க உங்கள் மனையில் 900 மில்லிமீட்டர் அகலப் பட்டையை விட்டுவைக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டையின் நிலமும் உங்களுடையதுதான், அதற்கும் விலை கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அங்கே ஒரு கொட்டகைகூட எழுப்ப இயலாது. விற்பனையாளர் இதை வாய்திறந்து சொல்வது அபூர்வம்.

வீடு கட்டுவதற்குத் தனி ஒப்புதல் தேவை. விதிகளுக்கு முழுமையாகப் பொருந்தும் வரைபடத்துக்குப் பதிவுபெற்ற சான்றளிப்பாளரே ஒப்புதல் தரும் வழி உண்டு. பொதுவாக அதுவே விரைவானது. பொருந்தாவிட்டால் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். குடியேறுவதற்கு முன், வீட்டில் குடியிருக்கலாம் என்று அனுமதிக்கும் குடியிருப்புச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குடியேறிய பின்னும் எதிரிலுள்ள வெற்று நிலத்துக்கு ஏதாவது விண்ணப்பம் வந்துகொண்டிருக்கும். கவுன்சில் அதைப் பார்வைக்கு வைக்கும்போது, வழக்கமாக 14 நாட்களுக்குள், யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், குடியுரிமை தேவையில்லை. நம்மவர்கள் இதைப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. வெறும் எதிர்ப்பை விட, நிழல், வாகன நிறுத்தம், வடிகால் என்று குறிப்பான காரணங்களை எழுதும் கடிதத்துக்கே மதிப்பீட்டு அறிக்கையில் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.