கப்பலில் சாயங்காலம் என்ன உடுத்துவது? முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுக் கப்பலுக்கு டிக்கெட் போட்டதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, “வாந்தி வருமா?” இரண்டாவது கேள்விதான் வீட்டை இரண்டாக்கியது. ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்கு ‘ஃபார்மல்’ உடையில் வரவேண்டும் என்று போட்டிருந்தது. தம்பி உடனே கோட்டு சூட்டு தைக்கத் துணிக்கடைக்குக் கிளம்பினான். அம்மா, “நான் என்ன இந்த வயசுல கவுனா மாட்டிக்கிட்டு வர முடியும்? நீங்க போய்ச் சாப்பிடுங்க, நான் ரூம்லயே இருந்துக்கறேன்” என்று முடித்துக்கொண்டார்.

கடைசியில் யாரும் எதுவும் புதிதாக வாங்கவில்லை. அம்மா மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் போனார். அந்த ஹாலிலேயே அவரிடம்தான் அதிகம் பேர் வந்து பேசினார்கள். அதனால் இதைப் படிக்கிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் பீரோவைத் திறந்து பாருங்கள். தேவையானதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கும்.

படி 1: உங்கள் கப்பல் எந்த ரகம் என்று பாருங்கள்

எல்லாக் கப்பலுக்கும் ஒரே விதி கிடையாது. கம்பெனியின் இணையதளத்தில் உடை விதிகளுக்கென்று தனிப் பக்கம் இருக்கும். டிக்கெட் போட்ட அன்றே அதைப் படித்துவிடுங்கள், டிராவல் ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பவேண்டாம்.

கடுமையான முனையில் இருப்பது கியூனார்ட் கம்பெனி. குயீன் மேரி 2 போன்ற அவர்களுடைய கப்பல்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெரும்பாலான இடங்களில் நேர்த்தியாக உடுத்தியிருக்க வேண்டும். ‘காலா’ எனப்படும் ஃபார்மல் இரவுகளில் ஆண்களுக்கு டக்ஸீடோ என்கிற விருந்து சூட் அல்லது டையோடு அடர்ந்த நிற சூட். ஆனால் அவர்களே முறையான தேசிய உடையையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் பாவாடை மாதிரியான கில்ட் கட்டிக்கொண்டு வருவார், நாம் பட்டோடும் ஷெர்வானியோடும் போகலாம்.

எதிர் முனையில் நார்வீஜியன். 2000-ஆம் ஆண்டில் ‘ஃப்ரீஸ்டைல்’ என்று அறிவித்து, கட்டாய ஃபார்மல் இரவு என்பதையே எடுத்துவிட்டார்கள். வர்ஜின் வாயேஜஸில் ஒரு நாள் இரவு கப்பல் முழுக்கச் சிவப்பு உடையில் திரியும். நம் ஆட்கள் சிங்கப்பூரிலிருந்து அதிகம் போகும் ராயல் கரீபியன் நடுவில் இருக்கிறது. மூன்று, நான்கு இரவுப் பயணம் என்றால் ஃபார்மல் பெரும்பாலும் ஒரே இரவுதான், சூட் கட்டாயமில்லை.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு கம்பெனி ‘காலா’ என்று சொல்லும், இன்னொன்று ‘ஈவினிங் ஷிக்’ என்று சொல்லும், கார்னிவல் கம்பெனி ‘க்ரூஸ் எலிகன்ட்’ என்று சொல்லும். நான் வீட்டில் புரியவைத்தது இப்படி: ‘கேஷுவல்’ என்றால் சினிமாவுக்குப் போகிற உடை. ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்றால் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்கு ஓட்டலில் சாப்பிடப் போகிற உடை. ‘ஃபார்மல்’ என்றால் கல்யாண ரிசப்ஷன். முகூர்த்தம் அல்ல, ரிசப்ஷன். கழுத்து நிறைய நகை வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 2: இரவுகளை எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உடை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து முதல் நாள், இரண்டாம் நாள் என்று வரிசையாக எழுதுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் அநேகமாக எல்லாக் கப்பலிலும் சாதாரண உடைதான். இது பழைய வழக்கம். அட்லாண்டிக்கைக் கடந்த அந்தக் காலக் கப்பல்களில் முதல் வகுப்புக்காரர்கள் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டுதான் வருவார்கள். முதல் நாள் டிரங்குப் பெட்டி பிரித்திருக்காது, கடைசி நாள் கட்டியாகியிருக்கும். அதனால் அந்த இரண்டு இரவுக்கும் விலக்கு.

ஃபார்மல் இரவு பெரும்பாலும் கரை தொடாத நாளில் வரும். நாள் முழுக்கக் கப்பலிலேயே இருப்பதால் அலங்காரத்துக்கு நேரம் கிடைக்கும் என்ற கணக்கு. எந்த நாள் என்பது கப்பலின் செயலியிலோ, அறைக்கு வரும் அன்றாட நிகழ்ச்சி நிரலிலோ இருக்கும். அதே இடத்தில் ‘வெள்ளை உடை இரவு’, ‘எழுபதுகளின் பார்ட்டி’ என்றெல்லாமும் இருக்கும். அதற்குத் தனியாக எதுவும் வாங்காதீர்கள். ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு வெள்ளைக் குர்த்தி எடுத்து வைத்தால் போதும். மற்ற இரவுகளில் போட்டதையே மாற்றிச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம், யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

படி 3: சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே உடையை நினையுங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெரிய டைனிங் ஹாலில் வழக்கமாக இரண்டு பந்தி: முதல் பந்தி சாயங்காலம் ஐந்தரை வாக்கில், இரண்டாவது எட்டு மணி வாக்கில். நாங்கள் முதல் பந்தியைக் கேட்டு வாங்கிவிட்டோம். ஐந்தரை நமக்கு டிபன் நேரம், பசியே இருக்காது. அதைவிட மோசம், பினாங்கில் கோயில், கடைத்தெரு எல்லாம் சுற்றிவிட்டு வியர்வையோடு கப்பல் ஏறும்போது மணி நாலே முக்கால். அறையில் நான்கு பேருக்கு ஒரே குளியலறை. அன்றைக்கு ஃபார்மலாக இருந்திருந்தால் பாதிப் பேர் ஈரத் தலையோடுதான் போயிருப்போம். புடவை கட்டுகிறவர்கள் இரண்டாவது பந்தியைக் கேளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் மட்டும் முதல் பந்தி.

படி 4: பெண்களுக்கு

புடவை தாராளமாகக் கட்டலாம். ஆனால் எந்தப் புடவை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கனத்த காஞ்சிப் பட்டை விட சாஃப்ட் சில்க் நல்லது: பெட்டியில் இடம் குறைவு, எடையும் குறைவு. கிரேப் கசங்காது. காட்டன் புடவையை விட்டுவிடுங்கள், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அப்பளம் மாதிரி சுருங்கியிருக்கும். ஷிஃபான் அழகுதான், ஆனால் மேல் தளத்துக் காற்றில் தலைப்பு உங்கள் பேச்சைக் கேட்காது.

காற்று என்றால் நம் மொட்டைமாடிக் காற்று இல்லை, கப்பல் ஓடுகிற வேகமும் சேர்ந்து அடிக்கும். தலைப்பை மடிப்பு வைத்துத் தோளில் இரண்டு ஊக்கு, இடுப்பில் ஒன்று. போட்டோவுக்குத் தலைப்பைப் பறக்கவிட ஆசைப்பட்டால் மட்டும் அவிழ்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒருவர் முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கட்டும்.

அடுத்த சிக்கல், அறை. ஜன்னல் இல்லாத உள்ளறை என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் நிற்கலாம், அவ்வளவுதான். அங்கே கொசுவத்தைப் பிடித்துவிட ஆளும் இடமும் கிடையாது. அதனால் ஊரிலேயே மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘ப்ரீ ப்ளீட்டிங்’, ‘பாக்ஸ் ஃபோல்டிங்’ என்று இப்போது பல அழகுக்கலைக்காரர்கள் செய்து தருகிறார்கள். தலைப்பு மடிப்பும் கொசுவமும் ஊக்கு குத்தியபடி ஒரு சட்டை அளவுக்கு மடித்துத் தருவார்கள். அம்மா அதை விரித்து, கட்டி, ஊக்கை எடுத்து முடிக்க ஏழு நிமிடம்தான் ஆனது. நான் கண்ணாடிக்காக இன்னும் காத்துக்கொண்டிருந்தேன்.

புடவை வேண்டாம் என்றால் அனார்கலி, பலாசோவோடு நல்ல குர்த்தி, நீள கவுன், எதுவும் சரி. குதிகால் உயர்ந்த ஊசிச் செருப்பை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கப்பல் லேசாக ஆடினாலே காலில் தெரியும். தளத்துக்குப் போகும் கதவிலும் அறைக் குளியலறை வாசலிலும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் உயரத்துக்கு மேடு இருக்கும். புடவைக் கரை அதில்தான் மாட்டும். அகலக் குதிகால் அல்லது தட்டைச் செருப்பு போதும்.

படி 5: ஆண்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாதாரண இரவுக்கு காலர் வைத்த சட்டையும் பேண்ட்டும். ஃபார்மல் இரவுக்கு முழுக்கைச் சட்டை, அடர்ந்த நிறப் பேண்ட், மூடிய ஷூ. கல்யாணத்துக்குத் தைத்த ப்ளேசர் இன்னும் பொத்தான் போடுகிற நிலையில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். குர்த்தாவும் நேரு கோட்டும் சூட்டுக்குச் சமம்தான்.

வேட்டி? பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு அப்பா போனார், வாசலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒட்டிக்கொள்ளும் வேட்டியாக இருந்தால் நிம்மதி, மேலே ஒரு பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே நிபந்தனை, படியேறும்போது பழக்கதோஷத்தில் மடித்துக் கட்டிவிடக் கூடாது. அப்பா இரண்டு தடவை கையைக் கொண்டுபோனார், இரண்டு தடவையும் அம்மா தட்டிவிட்டார்.

ராத்திரி டைனிங் ஹாலில் தொப்பி, கையில்லாத பனியன், நீச்சல் உடை, வெறுங்கால் இதெல்லாம் கூடாது. அரைக்கால் சட்டையும் ஃபார்மல் இரவில் வேண்டாம். கைலி, நைட்டி இரண்டும் அறைக் கதவுக்கு உள்ளேயே இருக்கட்டும். நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு பஃபேக்கு வந்த ஓர் அம்மாவைப் பார்த்தேன். யாரும் தடுக்கவில்லைதான், ஆனால் கூட வந்த மருமகள் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

படி 6: குளிருக்கு ஒன்று

வெளியே புழுக்கம், உள்ளே ஊட்டி. டைனிங் ஹாலிலும் தியேட்டரிலும் ஏசி வெளுத்து வாங்கும். பெண்களுக்கு ஒரு சால்வை, ஆண்களுக்கு ப்ளேசர், குழந்தைகளுக்கு ஸ்வெட்டர். பிள்ளைகளின் ஃபார்மல் உடைக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம், தீபாவளிக்கு எடுத்ததில் குத்தாத உடையாகப் பார்த்து எடுத்து வையுங்கள். ஜரிகை குத்துகிறது என்று சூப் வருவதற்குள் அழ ஆரம்பித்தால், நீங்கள்தான் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடவேண்டும்.

படி 7: பெட்டி கட்டும்போது

இஸ்திரிப் பெட்டி, துணி ஸ்டீமர் இரண்டையும் கொண்டுபோகாதீர்கள். தீப்பிடிக்கும் பயத்தால் அறையில் அனுமதி இல்லை, ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பல கப்பல்களில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படித்தான். சாமி கும்பிடுகிறவர்கள் கவனிக்க: ஊதுபத்திக்கும் இதே கதிதான். சில கம்பெனிகளின் கப்பல்களில் பயணிகளே துவைத்து இஸ்திரி போட்டுக்கொள்ளத் தனி அறை இருக்கிறது. ராயல் கரீபியனில் அது கிடையாது, காசு கொடுத்துத்தான் இஸ்திரி போட்டு வாங்க வேண்டும். சட்டை லேசாகக் கசங்கியிருந்தால் குளியலறையில் தொங்கவிட்டு வெந்நீரில் குளியுங்கள், ஆவியில் ஓரளவு நேராகிவிடும். ஜரிகைப் புடவைக்கு இந்த வேலை வேண்டாம்.

அலமாரி சின்னது, ஹேங்கரும் எண்ணித்தான் இருக்கும். ஆனால் அறைச் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கி நாலு வாங்கிக்கொண்டு போனால் சுவரிலேயே புடவை, ப்ளேசர், கைப்பை எல்லாம் தொங்கும். இந்தப் பயணத்துக்காக நான் செலவு செய்ததில் உருப்படியானது அதுதான்.

இனி முக்கியமான விஷயம். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும், சில சமயம் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஆகலாம். எங்களுடையது வந்தபோது எட்டரை. அதுவரை விமானத்தில் வந்த அதே ஜீன்ஸோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் முதல் நாள் சாயங்கால உடை, மருந்து, பாஸ்போர்ட், நகை நான்கும் தோள்பையில்தான் இருக்க வேண்டும். அறையில் எண் போட்டுப் பூட்டும் சின்னப் பெட்டகம் இருக்கும், நகையை அதில் வைக்கலாம். கவரிங்கே போதும் என்பேன்.

படி 8: அந்த இரவு

அரைமணி முன்னதாகக் கிளம்புங்கள். நடுக்கூடத்துப் படிக்கட்டில் திரைகளை மாட்டிக்கொண்டு போட்டோக்காரர்கள் நிற்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு படத்தின் விலை கேட்டால் புடவை எடுத்த விலை ஞாபகம் வரும். உங்கள் போனிலும் அதே படிக்கட்டில் நின்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு உடுத்த மனமில்லை, தலைவலி, குழந்தை தூங்கிவிட்டது என்றால் பஃபே திறந்திருக்கும். சாதாரண உடையில் போய்ச் சாப்பிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கியூனார்டில்கூட இதற்கென்று சில இடங்களை ஒதுக்கியிருக்கிறார்கள்.

படி 9: கடைசி இரவு

பெரிய பெட்டிகளைக் கட்டி ராத்திரியே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். கண்ணில் படும் எல்லாவற்றையும் உள்ளே திணிக்கத் தோன்றும். மறுநாள் காலை போட்டுக்கொண்டு இறங்க வேண்டிய உடையையும் செருப்பையும் முதலில் எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, அப்புறம் பெட்டியைத் தொடுங்கள். எங்கள் அப்பா இருந்த பேண்ட்டுகளை எல்லாம் மடித்து வைத்துப் பெட்டியை வெளியே தள்ளிவிட்டார். காலையில் கொக்கியில் தொங்கியது அந்தப் பட்டு வேட்டி மட்டும்தான். சிங்கப்பூர் குடிவரவு வரிசையில் எங்கள் குடும்பத்திலேயே நேர்த்தியாக உடுத்தி நின்றவர் அவர்தான்.