கர்பலா வரலாறு: நாம் செய்யும் தவறுகள்

680இல், முஹர்ரம் மாதத்தில், நபிகளாரின் பேரர் ஹுசைன் (ரலி) ஆட்சியாளர் யஸீதின் படையால் இராக்கின் கர்பலாவில் கொல்லப்பட்டார். இன்றும் முஹர்ரம் வந்துவிட்டால் அதைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவர், பழைய வரலாற்றாசிரியர் தபரியின் நூலைக் காட்டி, ‘தபரியிலேயே இருக்கிறது’ என்று ஒரு வரியைப் போடுவார், இன்னொருவர் அதே தபரியிலிருந்து நேர்மாறான வரியை எடுத்துப் போடுவார். இரண்டுமே அதில் இருக்கும். 923இல் இறந்த தபரி தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை. தனக்கு வந்து சேர்ந்த செய்திகளை, யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரோடு அடுக்கி வைத்தார். ஏற்க முடியாதது ஏதாவது இருந்தால் அது அறிவித்தவர்களிடமிருந்து வந்தது, என்னிடமிருந்து அல்ல என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். அதனால் ‘தபரியில் இருக்கிறது’ என்பது ஆதாரம் ஆகாது. யார் அறிவித்தது என்று பாருங்கள்.

போருக்கு முன் நடந்த கடைசிப் பேச்சுவார்த்தையையே எடுத்துக்கொள்வோம். ‘யஸீதின் கையில் என் கையை வைக்கிறேன்’ என்று, அதாவது பணிந்துபோக, ஹுசைன் (ரலி) முன்வந்ததாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது: மதீனாவிலிருந்து கடைசிவரை அவருடன் இருந்து உயிர் தப்பிய உக்பா இப்னு சிம்ஆன், ஹுசைன் அப்படிச் சொல்லவே இல்லை, இந்தப் பரந்த பூமியில் எங்காவது போய்விட விடுங்கள் என்றுதான் கேட்டார் என்கிறார். ஒன்றை மட்டும் வெட்டிப் பரப்புவது நேர்மையே இல்லை.

அடுத்த தவறு, இன்றைய முஹர்ரம் துக்கச் சடங்குகள் எல்லாம் 680இலிருந்தே இப்படித்தான் என்று நம்புவது. பாக்தாதில் கடைகளை அடைத்து வீதியில் துக்கம் அனுசரிக்கும்படி புவைஹி ஆட்சியாளர் முயிஸ்ஸுத் தவ்லா உத்தரவிட்டது 963இல்தான். சரி, அப்படியானால் எல்லாமே பிற்காலக் கற்பனையா? அதுவும் தவறு. ஹுசைனை அழைத்துவிட்டுக் கைவிட்டுவிட்டோமே என்று வருந்திய கூஃபா நகரவாசிகள், நான்கைந்து ஆண்டுகளுக்குள்ளேயே அவரது கப்ரடியில் திரண்டு அழுதார்கள்.

இதை ஷியாக்களின் துக்கம் என்று ஒதுக்குவதும் சுன்னிகளை யஸீதின் கட்சியாக்குவதும் எனக்கு மிகவும் வருத்தம் தருபவை. நபிகளாரின் பேரர்மேல் நேசம் இல்லாத சுன்னி மரபு எது? அப்புறம், கற்பனைகளைக் கேள்வி கேட்பவர்கள் எல்லாரும் வெளியாட்கள் என்று எண்ணுவது. போர்க்களத்திலேயே ஹுசைனின் அண்ணன் மகன் காசிமுக்குத் திருமணம் நடந்தது என்ற கதையைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் ஈரானின் ஷியா அறிஞர் முர்தஸா முதஹ்ஹரி.