பன்றித் தோல் மொறுமொறுவென்று பொரிய

பன்றி வயிற்றிறைச்சியை ஓவனில் வைப்பதற்கு முந்தின இரவே தோலை ஈரம் போகத் துடைத்து, உப்பு தேய்த்து, மூடாமல் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். மசாலா சதைப் பக்கம் மட்டும்.

தோலில் ஈரம் தங்கியிருந்தால் சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும்; தோல் வெந்து ரப்பராகுமே தவிரப் பொரியாது. உப்பு ஈரத்தை வெளியே இழுக்க, குளிர்பெட்டியின் வறண்ட காற்று அதை உறிஞ்சிக்கொள்ளும். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் மேசைமேல் வைத்தால் காய்வதற்குள் கெட்டுவிடும். காலையில் தொட்டால் தோல் அட்டைபோல் விறைப்பாக இருக்க வேண்டும். விரலில் பிசுபிசுத்தால் இன்னும் சில மணி நேரம் விடுங்கள். ஈரச்சந்தையில் (புதிய இறைச்சி, மீன், காய்கறி விற்கும் சந்தை) இறைச்சியைத் தோலோடு கேட்டு வாங்குவது முக்கியம்.

தோல் சீவிய சாப்ஸுக்கும் மிளகுப் பிரட்டலுக்கும் இது வேண்டாத வேலை.