கடை பெரிதாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ஜப்பானின் டையே சொல்லும் பாடம்

1957 செப்டம்பரில் ஒசாகாவின் செம்பாயாஷி ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய மருந்துக் கடை திறந்தது. பலகையில் 'இல்லத்தரசிகளின் கடை டையே' என்று எழுதியிருந்தது. திறந்தவர் இசாவோ நகாவுச்சி. அப்பாவும் மருந்துக் கடைக்காரர்தான். நகாவுச்சி இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்டு, வெடிகுண்டில் காயம்பட்டு, பட்டினியை நேரில் பார்த்துத் திரும்பியவர். மக்களுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்க வேண்டும், பொருள் மலிவாக இருக்க வேண்டும் என்பது அவருக்கு வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. 'நல்ல பொருளை மேலும் மேலும் மலிவாக' என்பதுதான் கடையின் முழக்கம். தயாரிப்பாளர் சொன்ன விலைக்குக் கீழே டிவி விற்றதற்காக, அதைத் தயாரித்த மட்சுஷிட்டா நிறுவனம் சரக்கை நிறுத்தியபோதும் அவர் பணியவில்லை. அந்தச் சண்டை முப்பது வருடம் ஓடியது.

பல கிளைகளாக வளர்ந்த டையே, 1972-இல் விற்பனையில் மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியை முந்தியது. 1980-இல் ஆண்டு விற்பனை 1 லட்சம் கோடி யென்னைத் தொட்டது. ஜப்பானில் வேறு எந்தச் சில்லறை நிறுவனமும் அதற்குமுன் அந்த அளவை எட்டியதில்லை. அப்படிப்பட்ட நிறுவனம் 2004-இல் அரசு ஆதரவு பெற்ற மீட்பு அமைப்பின் வாசலில் நின்றது. இது ஒரே நாளில் வந்த வீழ்ச்சி இல்லை. வழியில் செய்த தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. கடை நடத்துகிறவர்கள், கிளை திறக்க நினைக்கிறவர்கள் இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எல்லாவற்றுக்கும் வேர், நிலத்தைக் கல்லாப்பெட்டியாக நினைத்தது. டையே வளர்ந்த முறை இப்படி: ஓர் இடத்தை வாங்கிப் பெரிய கடை கட்டுவார்கள். கடை வந்ததும் சுற்றியுள்ள நிலம் விலை ஏறும், அவர்களுடைய நிலமும் சேர்ந்து ஏறும். ஏறிய மதிப்பை அடமானம் வைத்துக் கடன் வாங்கி அடுத்த இடத்தை வாங்குவார்கள். 10 ரூபாய்க்கு வாங்கிய நிலம் 20 ரூபாய் ஆகிவிட்டால், கடையில் பெரிய லாபம் இல்லாவிட்டாலும் வங்கி சிரித்துக்கொண்டே கடன் கொடுக்கும். போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் ஜப்பானில் நில விலை பெரும்பாலும் ஏறிக்கொண்டே இருந்ததால், இதில் ஆபத்து இருப்பதாக யாருக்கும் படவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அந்த நில விலைக் குமிழி உடைந்தது. நிலத்தின் மதிப்பு இறங்கியது, கடன் அப்படியே நின்றது. உச்சத்தில் குழுமத்தின் வட்டிக் கடன் சுமார் 2.6 லட்சம் கோடி யென்.

என்னைப் பொறுத்தவரை இதில் கவனிக்க வேண்டியது கடனின் அளவைவிட, அது மறைத்த விஷயம். நிலம் ஏறும்வரை, எந்தக் கிளை தன் விற்பனையால் பிழைக்கிறது, எது நிலத்தின் தயவில் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கவே தேவை இருக்கவில்லை. கிளை திறக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இந்த இடத்தின் விலை ஒரு காசுகூட ஏறாது என்றால், வரும் லாபத்தில் மட்டும் கடனை அடைக்க முடியுமா?

சுலபமாகக் கடன் கிடைத்ததால் கை எல்லாப் பக்கமும் நீண்டது. ஹவாயின் ஆலா மோவானா வணிக வளாகம், டோக்கியோவின் கின்சாவில் பிரன்டாம் பல்பொருள் அங்காடி, 1988-இல் நான்காய் ஹாக்ஸ் பேஸ்பால் அணி, அந்த அணிக்காக ஃபுகுவோகாவில் 1993-இல் பெரிய மூடு அரங்கம், பக்கத்திலேயே ஹோட்டல். எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். 1975-இல் தொடங்கிய லாசன் என்ற சின்னக் கடைகள் அருமையான வளர்ச்சி, ஏனென்றால் அது அவர்களுக்குத் தெரிந்த தொழில். தினமும் அரிசி, பால், சாக்ஸ் விற்கத் தெரிந்தவருக்குச் சின்னக் கடை நடத்தத் தெரியும். அரங்கமும் ஹோட்டலும் வேறு கணக்கு.

இதற்கிடையில் கடைக்குள் வேறொன்று நடந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே பல மாடிக் கட்டடம், கீழே உணவு, மேலே துணி, அதற்கு மேலே வீட்டுச் சாமான், டிவி என்பது டையேயின் அமைப்பு. மக்கள் கார் வாங்கினார்கள், புறநகருக்குப் போனார்கள். துணிக்கு யூனிக்லோ, வீட்டுச் சாமானுக்கு நிடோரி, மின்சாதனத்துக்கு யமாடா என்று ஒவ்வொரு மாடிக்கும் ஒரு தனிக்கடை போட்டிக்கு வந்தது. டையேயில் எல்லாம் இருக்கிறது, ஆனால் வாங்க நினைப்பது ஒன்றும் இல்லை என்று வாடிக்கையாளர்கள் சொல்லத் தொடங்கினார்கள். ஒரு கடைக்கு இதைவிட வலிக்கும் விமர்சனம் கிடையாது. டையே 'ஹைப்பர்மார்ட்' என்ற மலிவு விலைக் கடைகளைப் பரப்பிப் பார்த்தது. விலையைக் குறைத்தால் ஆள் வருவார்கள் என்பது 1960-களின் பாடம். அப்போது பொருளே அரிதாக இருந்தது, இப்போது அப்படி இல்லை.

ஆள் விஷயத்திலும் ஒரு தவறு உண்டு. 1980-களின் முதல் பாதியிலேயே டையே மூன்று வருடம் தொடர்ந்து நஷ்டம் கண்டது. யமஹா நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஹிரோஷி கவாஷிமாவை அழைத்து வந்தார்கள். அவர் தேங்கிய சரக்கைக் குறைத்து, லாபத்தைக் கணக்கில் முன்னால் நிறுத்தி நிறுவனத்தை மீட்டார். சரி, பிறகு என்ன ஆனது? அவர் வேறொரு நிறுவனத்தைச் சீரமைக்க அனுப்பப்பட்டார், நகாவுச்சியின் மூத்த மகன் மேலே வந்தார், விரிவாக்கம் மறுபடி தொடங்கியது. நோய் தெரிந்து மருந்தும் வேலை செய்த பிறகு மருத்துவரை அனுப்பிவிட்டார்கள். 'வேண்டாம்' என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது செலவு இல்லை.

1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் பல கடைகளைச் சேதப்படுத்தியது. அதைத் தவறுகளின் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த நாட்களில் கடைகளைத் திறந்துவைத்து, விளக்கை எரியவிட்டு, சாப்பாட்டைக் கொண்டுசேர்த்த டையேயைக் கோபே மக்கள் நன்றியோடு நினைக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே கடனில் மூச்சு வாங்கிய நிறுவனத்துக்கு அந்த அடி கனமாக விழுந்தது.

அப்புறம் சீரமைப்பு. இங்கேதான் பலரும் செய்கிற தவறு இருக்கிறது. கடனை அடைக்க முதலில் எதை விற்பது? உடனே நல்ல விலை கிடைப்பது, நன்றாக ஓடுகிற தொழிலுக்குத்தான். ஆலா மோவானா 1999-இல் போனது. லாசன் 2000, 2001-இல் மிட்சுபிஷி கார்ப்பரேஷன் பக்கம் போனது. சம்பாதிக்கிற பிள்ளைகள் வெளியேறி, நஷ்டக் கிளைகள் வீட்டிலேயே தங்கின. 2001-இல் நகாவுச்சி விலகினார். 2002-இல் வங்கிகள் பெரிய உதவி செய்தன, ஆனால் அது மூச்சுப் பிடிக்க மட்டுமே போதுமானதாக இருந்தது. சொந்த முயற்சியிலேயே மீளலாம் என்று நிர்வாகம் கடைசிவரை வாதாடி, 2004 அக்டோபரில் தொழில் மீட்பு அமைப்பிடம் போக ஒப்புக்கொண்டது. ஐந்து வருடம் முன்பே மூட வேண்டிய கிளைகளை மூடியிருந்தால், லாசனையாவது வைத்திருக்க வாய்ப்பு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2005-இல் பேஸ்பால் அணி சாப்ட்பேங்கிடம் போனது, மீட்புக்குத் துணை நிற்கும் முதலீட்டாளராக மருபெனி நிறுவனம் வந்தது, பல கிளைகள் மூடப்பட்டன. அந்தச் செப்டம்பரில் நகாவுச்சி காலமானார். 2015 தொடக்கத்தில் டையே முழுக்க ஏயான் என்ற சில்லறை வணிகக் குழுமத்துக்குச் சொந்தமானது.

இதெல்லாம் நிலக் கடனால் மட்டும்தான் என்று நினைத்துவிடக் கூடாது. டையேயின் போட்டியாளரான இடோ-யோகாடோ பெரும்பாலும் இடத்தை வாடகைக்கு எடுத்து, விற்பனையின் அளவைவிட லாபத்தைப் பார்த்து நடந்த நிறுவனம். கடன் பொறியில் அது விழவில்லை. ஆனால் அதே பல மாடி அமைப்பு, அதே துணி மாடி. 2023-இல் அதுவும் தன் சொந்தத் துணி வியாபாரத்தைக் கைவிடுவதாகவும், 126 கடைகளை 93 ஆகக் குறைப்பதாகவும் அறிவித்தது.