லண்டனின் பூட்டிய கோபுரங்களில் கேமராவோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடையாள அட்டை இல்லாமல் வாசலைக்கூடத் தாண்ட முடியாத லண்டன் கட்டடங்கள் பல, செப்டம்பரில் சில நாள் மட்டும் எல்லோருக்கும் திறக்கும். 1992இல் தொடங்கிய 'ஓப்பன் ஹவுஸ்' விழாவின் வேலை அது. அலுவலகக் கோபுரங்கள், அரசுக் கட்டடங்கள், மொட்டைமாடிகள் என்று பட்டியல் நீளும். கட்டணம் கிடையாது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆசையாசையாக மேலே போய், 20 நிமிடம் விடாமல் தட்டிவிட்டு வந்து, வீட்டில் திறந்து பார்த்தால் பச்சை பூத்த வானம், ஆற்றுக்கு நடுவே யாரோ ஒருவரின் வெள்ளைச் சட்டை, மூலையில் ஒரு டியூப் லைட். இதில் கேமராவின் குற்றம் ஒன்றுமில்லை. தேர்ந்தெடுத்த கட்டடம், போன நேரம், நடுவில் நிற்கும் கண்ணாடி ஆகிய மூன்றில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம்.

உயரத்தை மட்டும் பார்த்து முன்பதிவு செய்வது

பட்டியல் வந்ததும் எது உயரமோ அதற்கு அடித்துப்பிடித்துப் பதிவு செய்கிறார்கள். வெறும் உயரம்தான் வேண்டுமென்றால் அதற்குப் பூட்டிய கட்டடம் எதற்கு? 22 பிஷப்ஸ்கேட் கோபுரத்தின் 58ஆம் மாடியில் உள்ள ஹொரைசன் 22 பார்வை மாடம், ஃபென்சர்ச் தெருக் கோபுரத்தின் உச்சியில் உள்ள ஸ்கை கார்டன் இரண்டுக்கும் இலவசமாகவே நேரம் பதிந்துகொண்டு போகலாம், அதுவும் விழாக் காலத்தில் மட்டும் அல்ல. காசு கொடுத்தால் ஷார்ட் கோபுரம் இருக்கிறது. வழக்கமாகத் திறக்காத கட்டடம் நமக்குத் தருவது வேறு யாரும் எடுக்காத ஒரு கோணம். அதற்குத்தான் இடம் பிடிக்கும் குலுக்கலும் வரிசையும் தகும்.

மிக உயரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அடிவானம் எப்போதும் நம் கண் மட்டத்திலேயே இருக்கும். நாம் நிற்கும் உயரத்தைத் தாண்டும் கட்டடங்கள்தான் படத்தில் வானத்துக்குள் தலைநீட்டும். செயின்ட் பால் தேவாலயத்தின் உயரம் 111 மீட்டர். 40ஆம் மாடியிலிருந்து எடுத்தால் அதன் குவிமாடம் சுற்றியுள்ள கூரைகளோடு கூரையாக அமுங்கிப்போகும். அதே குவிமாடத்தை 10 முதல் 15 மாடி உயரத்திலிருந்து எடுத்துப் பாருங்கள், அடிவானத்துக்கு மேலே தனியாக எழுந்து நிற்கும். நடுத்தர உயரத்து மொட்டைமாடிகளைப் பலர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நல்லதுதான், இடம் சுலபமாகக் கிடைக்கும்.

பழைய படங்களை நம்பிப் போவதும் ஏமாற்றும். 180 மீட்டர் உயரக் கெர்கின் கோபுரம் 2004இல் திறந்தபோது சுற்றிலும் வெட்டவெளி மாதிரி இருந்தது. இன்று அதன் மேற்கே 225 மீட்டர் லெடன்ஹால் கட்டடமும் 278 மீட்டர் 22 பிஷப்ஸ்கேட்டும் நிற்கின்றன. செயின்ட் பால் பக்கத்துப் பார்வை பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. பதிவு செய்யும் முன் கூகுள் எர்த்தின் முப்பரிமாணக் காட்சியில் அந்த முகவரிக்குப் போய், பார்வை உயரத்தை மாடிக்கு ஏற்ப வைத்து (அலுவலகக் கட்டடம் என்றால் மாடிக்கு 4 மீட்டர் என்று கணக்கிடலாம்) நான்கு திசையும் சுற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சூரியன் எந்தப் பக்கம் என்று பாராதது

சென்னையில் செப்டம்பர் நடுவில் உச்சிவெயில் அடிவானத்திலிருந்து சுமார் 80 பாகையில், ஏறக்குறையத் தலைக்கு நேர் மேலே இருக்கும். லண்டனில் அதே நாளில் சூரியன் 41 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. கிழக்கே எழுந்து, பகல் 1 மணி வாக்கில் நேர் தெற்கே நின்று, மாலை 7.15 வாக்கில் மேற்கே விழுகிறது. அதனால் தேம்ஸ் ஆற்றின் வடகரையில் உள்ள கட்டடத்திலிருந்து தெற்கே ஆற்றையும் ஷார்டையும் பார்த்தால், பார்வையாளர்களை விடும் நேரம் முழுக்க வெயில் கிட்டத்தட்ட முகத்தில்தான் அடிக்கும். தென்கரைக் கட்டடத்திலிருந்து வடக்கே பார்த்தால் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிரே உள்ள கட்டடங்களின் முகத்தில் விழும்.

வடகரைதான் வாய்த்தது என்றால் காலை முதல் நேரத்தையோ மாலைக் கடைசி நேரத்தையோ கேளுங்கள். காலையில் மேற்கையும் மாலையில் கிழக்கையும் எடுங்கள். தெற்கே எடுத்தே தீர வேண்டுமென்றால் நிறத்தை மறந்துவிட்டு நிழலுருவமாக எடுக்கலாம், ஆற்றின் மினுமினுப்பு கைகொடுக்கும்.

மழை பெய்யும் என்றால் பதிவை ரத்து செய்யாதீர்கள். மழை ஓய்ந்து காற்று அடித்த பிறகு வரும் ஓரிரு மணி நேரத்தில்தான் தூரத்துக் குன்றுகள்வரை துல்லியமாகத் தெரியும். மேகமே இல்லாத வெயில் நாளில் தூசுப்புகை மண்டி, தூரத்தில் இருப்பதெல்லாம் வெளிறிவிடலாம்.

முக்காலியும் மலையேறும் பையுமாகப் போவது

பெரிய கோபுரங்களில் விமான நிலையம்போல் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், ஊடுகதிர்ச் சோதனையும் இருக்கலாம். பெரிய பைக்கும் முக்காலிக்கும் அநேகமாக அனுமதி இல்லை. மேசை முக்காலியைக்கூடச் சில இடங்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதிவில் உள்ள பெயரும் புகைப்பட அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு முதலெழுத்தும் அப்பா பெயரும் இடம் மாறி நிற்பதால் இங்கே வீண் தகராறு வரும். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே பதியுங்கள்.

24–105 மி.மீ. மாதிரி ஒரே ஒரு ஜூம் லென்ஸ், முடிந்தால் 70–200 எஃப் 4 ஒன்று, கறுப்புத் துணி, ரப்பர் ஹூட் (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்), துடைக்க மைக்ரோஃபைபர் துணி. இவ்வளவு போதும். உள்ளே நுழையும்போதே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: எங்கே படமெடுக்கக் கூடாது, மேலே எத்தனை நிமிடம், எந்த வழியாகச் சுற்றிவர வேண்டும். கூட்டம் லிஃப்ட் திறந்ததும் எதிரே உள்ள முதல் ஜன்னலில் மொய்த்துக்கொள்ளும். நேரே கடைசி ஜன்னலுக்குப் போய் அங்கிருந்து எதிர்ப்பக்கமாக வாருங்கள்.

கண்ணாடியை மறந்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய சேதம் இதில்தான். கோபுரத்தின் கண்ணாடி வீட்டு ஜன்னல் மாதிரி ஒற்றைத் தகடு அல்ல. இரண்டு, சில இடங்களில் மூன்று தகடுகள், நடுவில் இடைவெளி, வெப்பத்தைத் தடுக்க மெல்லிய உலோகப் பூச்சு. ஒவ்வொரு பரப்பும் தன் பங்குக்கு அறையின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அறைக்குள் விளக்கு, வெளியே மேகமூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம்.

அரை மீட்டர் தள்ளி நின்று எடுப்பதுதான் அடிப்படைத் தவறு. ரப்பர் ஹூடின் விளிம்பு கண்ணாடியைத் தொடும்வரை கிட்டே போங்கள். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அறை வெளிச்சம் நுழைய வழி இல்லாவிட்டால் பிரதிபலிப்பும் இல்லை. ஹூட் இல்லையென்றால் ஒரு மீட்டர்ச் சதுரக் கறுப்புப் பருத்தித் துணியை லென்ஸைச் சுற்றிக் கூடாரமாகப் பிடியுங்கள், ஒரு பழைய கறுப்பு டி-ஷர்ட்டே போதும். அழுத்திப் பிடிக்க வேண்டாம். ஏர்கண்டிஷனரின் அதிர்வும் கட்டடத்தின் அசைவும் கண்ணாடி வழியாகக் கேமராவுக்கு ஏறும். கையைச் சட்டத்தில் ஊன்றி, ஹூடின் ரப்பர் மட்டும் லேசாகத் தொட்டால் போதும். சட்டையும் கறுப்போ கருநீலமோ ஆக இருக்கட்டும். நீங்கள் மட்டும் அப்படி உடுத்திப் பயனில்லை, கூட வருபவருக்கும் சொல்லிவையுங்கள்.

கண்ணாடிக்கு நேர் எதிராக எடுங்கள். சாய்வாக எடுத்தால் ஒளி அதிகத் தடிமனைக் கடக்க வேண்டும், இரண்டு தகடுகளுக்கு இடையே பட்டுத் திரும்பும் ஒளி விளிம்புகளில் இரட்டை உருவம் காட்டும். 200 மி.மீ.யில் எடுத்தால் அது பளிச்சென்று தெரியும், ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து ஏமாறுவோம். கெர்கின் உச்சி மாதிரி கண்ணாடியே சாய்ந்திருக்கும் இடத்தில் தரையின் வெளிர்நிறமோ மேற்கூரை விளக்கோ படத்தில் விழும். அங்கே துணி இல்லாமல் முடியாது.

பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நம்பி வருபவர்கள் நிறைய. நேராக எடுக்கும்போது அதனால் பயன் இல்லை. நேர்க்கோட்டிலிருந்து சுமார் 55 பாகை சாய்ந்தால்தான் அது கண்ணாடிப் பிரதிபலிப்பை நன்றாக வெட்டும். ஆனால் அந்தச் சாய்வில் மற்ற கோளாறுகள் வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, உறுதியூட்டிய கண்ணாடிக்குள் உறைந்திருக்கும் அழுத்தத்தைப் போலரைசர் வானவில் திட்டுகளாக வானத்தில் காட்டிவிடும். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சமும் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). கழற்றிப் பையில் வையுங்கள்.

அழுக்கு அடுத்தது. உள்பக்கத்துக் கைரேகையைத் துடைக்கலாம். வெளிப்பக்கத்துத் தூசியை ஒன்றும் செய்ய முடியாது, அதில் வெயில் பட்டால் மாவு தூவினதுபோல் வெளுக்கும். எடுப்பதற்கு முன் நாலைந்து தகடுகளைச் சாய்வாகப் பார்த்துச் சுத்தமானதைத் தேர்ந்தெடுங்கள். நிலக்காட்சி என்றாலே எஃப் 11, எஃப் 16 என்று லென்ஸின் துளையைச் சுருக்கிப் பழகிய கை இங்கேயும் அதற்கே போகும். வேண்டாம், அந்தத் துளையில் தூசியும் மழைத்துளியும் சாம்பல் புள்ளிகளாகத் தெரியும். கண்ணாடியை ஒட்டி நின்று எஃப் 4 அல்லது 5.6 வைத்தால் அவை உருத்தெரியாமல் கரைந்துவிடும். நகரம் முழுவதும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆழத் தெளிவு பற்றிக் கவலை இல்லை.

போனில் எடுப்பவர்களுக்கு ஒரு வசதி: லென்ஸ் இருக்கும் பக்கத்தைக் கண்ணாடியில் அப்படியே ஒட்டிவைக்கலாம். உறையின் விளிம்பு தடித்திருந்தால் இடைவெளி விழும், உறையைக் கழற்றிவிடுங்கள். ஃபிளாஷ் 'ஆட்டோ'வில் இருந்தால் அணையுங்கள். தூரத்துக் கட்டடத்தை நீண்ட நேரம் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைப்பது

மேலே போனதும் 16 மி.மீ. வைட் லென்ஸைத்தான் மாட்டத் தோன்றும். அதன் ஓரங்கள் கண்ணாடியை ஏறக்குறைய 48 பாகைச் சாய்வில் பார்க்கின்றன. மேலே சொன்ன எல்லாக் கேடும் ஓரங்களில் வந்து சேரும், ஹூடின் நிழலும் மூலைகளில் விழும். கட்டடங்கள் எறும்பு அளவாகிவிடும். 35 முதல் 70 வரை நகரத்தின் அடுக்குக்கும், 100க்கு மேல் தனித்தனி உருவங்களுக்கும் போதும். கேமராவைக் கீழே சாய்த்தால் கட்டடங்கள் அடியில் குறுகி வெளிப்பக்கம் விழுவதுபோல் தெரியும். முடிந்தவரை மட்டமாகப் பிடித்து எடுத்து, பிறகு மேலே உள்ள வெற்று வானத்தை வெட்டுங்கள்.

அகலமான காட்சிதான் வேண்டுமென்றால் 50 மி.மீ.யில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தும்படி ஐந்தாறு படம் எடுத்து ஒட்டலாம். எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் கையால் நிறுத்திவையுங்கள். எல்லாம் ஒரே தகடு வழியாக இருக்கட்டும். ஜன்னல் மாறினால் பக்கத்துக் கட்டடங்கள் இடம் பெயர்ந்து ஒட்டுப்போடும் இடம் கோணிக்கொள்ளும்.

மொட்டைமாடியில் மெத்தனம்

கண்ணாடி இல்லாத மாடிக்கு வந்தால் அந்தத் தொல்லை தீர்ந்து வேறு கவலை வரும். விளிம்பில் லென்ஸ் மாற்றக் கூடாது. 30 மீட்டரிலிருந்து விழும் ஒரு லென்ஸ் மூடிகூடக் கீழே போகிறவரைக் காயப்படுத்தும். கேமரா வார் கழுத்தில், மூடியும் ஃபில்டரும் பைக்குள், சட்டைப்பையில் போன் வேண்டவே வேண்டாம். காற்று வாரைப் பிடித்து ஆட்டும், 100 மி.மீ.க்கு ஷட்டர் வேகத்தை 1/500 விநாடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள். ட்ரோன் எண்ணத்தைக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தவர் ஜன்னலுக்குள் பார்ப்பது

டேட் மாடர்ன் காட்சிக்கூடத்தின் பார்வை மாடத்திலிருந்து எதிர்க் குடியிருப்பின் கண்ணாடி வீடுகளுக்குள் பார்ப்பதும் படமெடுப்பதும் வழக்காகி, 2023 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் குடியிருப்போர் பக்கம் தீர்ப்பளித்தது. டெலிஃபோட்டோ வைத்திருப்பவர்கள் மனத்தில் வைக்க வேண்டிய வழக்கு. திறந்துவிட்ட அலுவலகத்திலும் மேசைக் காகிதம், கணினித் திரை, வெள்ளைப்பலகை எதுவும் சட்டகத்துக்குள் வரக் கூடாது. கட்டடத்தைப் படமெடுப்பதைப் பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் நாம் நிற்கும் கட்டடத்தின் உரிமையாளர் தன் நிபந்தனையை வைக்கலாம். படத்தை விற்கும் எண்ணம் இருந்தால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

வீட்டுக்கு வந்து மூட்டம் நீக்கும் 'டீஹேஸ்' பட்டையை முழுக்க இழுப்பது

ரா கோப்பாக (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்திருந்தால் முதலில் கண்ணாடியின் பச்சையைச் சரிசெய்யுங்கள்: டின்ட் பட்டையை மஜெந்தா பக்கம் சிறிது நகர்த்தி, மேகத்தின் வெள்ளை வெள்ளையாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். டீஹேஸ் அதற்குப் பிறகுதான், 20 முதல் 30க்குள். அதைத் தாண்டினால் வானம் மசியடித்து, கோபுர விளிம்பில் வெளிர்க்கோடு விழும். பட்டையை மொத்தப் படத்துக்கும் இழுக்காமல், மாஸ்க் போட்டுத் தூரத்து அடுக்குக்கு மட்டும் கொடுங்கள். முன்னால் இருக்கும் கூரைகளில் மூட்டம் இல்லை, அங்கே அது செங்கல்லின் நிறத்தைக் கெடுத்து அழுக்காக்கும்.